இரண்டு விசில்

ஒரு விசில் என்றால் நில்.
இரண்டு என்றால் போ.
இருபத்தொரு வருஷமாக
என் வாய்க்குத் தெரிந்த கட்டளை இவ்வளவுதான்.

விடிகாலை நாலு ஐம்பதுக்கு
டெப்போவை விட்டுக் கிளம்பும் முதல் வண்டி.
இரண்டு பூக்கூடை, கூடைக்காரி,
இரவு ஷிஃப்ட் முடிந்து சரிந்து தூங்கும் செக்யூரிட்டி,
ஸ்டியரிங்கில் நஞ்சுண்டப்பா.
ஆஸ்டின் டவுன் தாண்டினால்
முள்கம்பி வைத்த நீளச் சுவர் வரும்.
அதற்குள் இருக்கிறாள்
என் மகள் இமாகுலேட்.

வீட்டிலிருந்து நடந்தால் பதினெட்டு நிமிஷம்.
ஜம்முவிலிருந்து வந்த பெண்ணுக்கும்
மிசோரத்திலிருந்து வந்த பெண்ணுக்கும் என்ன தூரமோ
அதே தூரம்தான் உங்கள் பெண்ணுக்கும் என்றார்
கேட்டில் இருந்த ஹவில்தார்,
கையிலிருந்த முறுக்கு டப்பாவைப் பார்த்துக்கொண்டு.
மரியாதையாகத்தான் சொன்னார்.
அந்த முறுக்கை
நானும் பிலோமினாவும் ஒரு வாரம் தின்றோம்,
சத்தம் வராமல்.

போவதற்கு முதல் நாள் முடியை வெட்டிக்கொண்டாள்.
பாத்ரூம் சல்லடையில் இன்னும்
நீள முடி ஒரு சுருள் சிக்கிக் கிடக்கிறது.
அடைப்பு என்றால் ஒரு நாள் பொறுக்காத பிலோமினா
அதை மட்டும் எடுக்கவில்லை.
கணுக்கால் தண்ணீரில் நின்று குளிக்கிறோம்.

ஞாயிறு பூசை முடிந்ததும்
செல்போனை நடுவில் வைத்து உட்காருவோம்.
ஏழு நிமிஷம்.
"சாப்பிட்டியாம்மா?"
"ஜி சாப்!"
மூன்று பேரும் ஒரு நொடி வாயடைத்துப் போனோம்.
பிறகு அவளே சிரித்தாள்,
தொண்டை கட்டிய, யாரோ ஒருத்தியின் சிரிப்பு.
கால் எப்படி இருக்கிறது என்று கேட்டாள் அம்மா.
"எந்தக் கால்?"

ஆறாவது வாரம், ஒரு புதன்கிழமை.
இருட்டு விலகவில்லை. சுவருக்குள்
பூட்ஸ் ஓடுகிற சத்தம்.
ஏக் தோ, ஏக் தோ, நூறு பெண் குரல்கள்.
நெரிசலில் டிக்கெட் எடுக்காத ஒரு முகத்தைக்
கண்டுபிடித்துவிடும் ஆள் நான்.
அதில் அவள் குரல் எது என்று தெரியவில்லை.
பள்ளிக்கூட வாசலில் நின்று கூப்பிடுவேனே,
குட்டியாய் மூன்று, நீளமாய் ஒன்று,
அதை ஊதிவிட்டேன்.

நஞ்சுண்டப்பா பிரேக்கில் கால் வைத்துக்
கண்ணாடியில் பார்த்தார். "ஏன்ரீ இது?"
"வாய் தவறிவிட்டது. ரைட், ரைட்."

ஞாயிற்றுக்கிழமை எடுத்ததும் கேட்டாள்:
"புதன்கிழமை ஊதினது நீதானே?
ஓடிட்டிருந்தவ அப்படியே நின்னுட்டேன்பா.
பின்னால வந்த நாலு பேர் என்மேல விழுந்து,
உஸ்தாத் மேடம் மொத்தப் பேருக்கும்
முப்பது தண்டால் குடுத்துட்டாங்க.
மிசோரம்காரி இன்னும் முறைக்கிறா.
இனிமே ஊதாதே."
ஏழில் ஐந்து நிமிஷம் இதற்கே போனது.
வைக்கப்போகும்போது
"ஆனா..." என்றாள்.
லைன் போய்விட்டது.

இப்போது ஊதுவதில்லை.
சுவர் வருமுன் விசிலைச் சட்டைப்பையில் போட்டுப்
பொத்தானும் மாட்டிவிடுகிறேன்.
அந்த முந்நூறு மீட்டருக்குள் யார் இறங்கினாலும்
வாயால்தான் சொல்கிறேன்.
நஞ்சுண்டப்பா எதுவும் கேட்கவில்லை.
தானாகவே கியரைக் குறைத்து
கர்ப்பிணியை ஏற்றிய மாதிரி ஓட்டுகிறார்.
பின்னால் ஆட்டோக்காரன் ஹாரன் அடித்துத் திட்டுகிறான்,
கன்னடத்தில் கொஞ்சம், தமிழில் மிச்சம்.

ஆனாவுக்குப் பிறகு என்ன இருந்தது?
இன்னும் நாலு நாள் இருக்கிறது ஞாயிறுக்கு.
கூடைக்காரி சில்லறை நீட்டுகிறாள்,
எண்ணாமல் வாங்கிப் பையில் போடுகிறேன்.
படியில் இறங்கி நின்று
வண்டித் தகரத்தை உள்ளங்கையால் தட்டுகிறேன்,
எனக்கே கேட்காத அளவுக்கு,
இரண்டு தட்டு.